கொட்டிலில் கேட்டதும் நூலகத்தில் படித்ததும்

நான் பிறந்த கொக்குவிலில் அந்தக் காலத்தில் சுருட்டுக் கொட்டில்கள் அதிகம். தொழிலாளர்கள் வரிசையாக இருந்து சுருட்டுச் சுற்ற, ஒருவர் மட்டும் பத்திரிகையை உரத்து வாசிப்பார். பத்திரிகை முடிந்தால் தொடர்கதை. அதுவும் முடிந்தால் நாவல். என் ஐயா அப்படியொரு கொட்டிலில் தொழில் செய்தவர். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர், ஆனால் வியட்நாம் சண்டையையும் கல்கியின் கதாபாத்திரங்களையும் ஒரே மூச்சில் பேசுவார். எல்லாம் காதால் படித்தது.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பற்றி எழுத வந்து சுருட்டுக் கொட்டிலில் தொடங்குகிறேன். காரணம் உண்டு. 1981இல் அது எரிக்கப்பட்டதைப் பேசுகிறவர்கள் ஓலைச்சுவடிகளையும் அரிய பதிப்புகளையும்தான் முதலில் சொல்கிறார்கள். அந்த இழப்பு பெரியது, மறுக்கமாட்டேன். ஆனால் நாள்தோறும் அங்கே மேசை பிடிக்க ஓடியவர்கள் என்னைப் போல வீட்டில் ஒரு புத்தக அலுமாரிகூட இல்லாத பிள்ளைகள்.

அந்த நூலகத்தின் தொடக்கமும் எளியதுதான். 1933இல் க. மு. செல்லப்பா என்பவர் தன் வீட்டில் புத்தகங்களைச் சேர்த்துப் பிறருக்கு வாசிக்கக் கொடுத்தார். அடுத்த ஆண்டு ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறை ஒன்றில், 844 நூல்களோடு அது பொதுவான நூலகமாயிற்று. பெரிய கட்டடம் வேண்டும் என்ற ஆசை வந்தபோது களியாட்ட விழா வைத்தும் அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்றும் ஊரே பணம் திரட்டியது. திராவிடக் கட்டடக்கலைச் சாயலில் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைபடம் போட்டார். நூலக அறிவியலின் பெரியவர் எஸ். ஆர். ரங்கநாதன் ஆலோசனை சொன்னார். 1959 அக்டோபர் 11ஆம் திகதி மாநகர முதல்வர் அல்பிரட் துரையப்பா திறந்துவைத்தார். சீட்டு வாங்கிய கதையை ஐயா அடிக்கடி சொல்வார். பரிசு விழவில்லை, ஆனால் 'எங்கட லைபிரரி' என்று சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது.

நான் உயர்தர வகுப்புக்கு வந்தபோது தரப்படுத்தலின் நெருக்கடி எங்கள் வயதுப் பிள்ளைகளின் கழுத்தில் கிடந்தது. 1970களில் வந்த அந்த முறையால், பல்கலைக்கழகம் போக எங்களுக்கு முன்னைவிட அதிக புள்ளி தேவைப்பட்டது. காங்கேசன்துறை வீதியால் சைக்கிளில் போய் உசாத்துணைப் பகுதியில் இருப்பேன். அங்குள்ள நூல்களை வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். அதனால் பக்கம் பக்கமாகக் கொப்பியில் எழுதினோம். எதிரே ஒரு வழக்கறிஞர் சட்டப் புத்தகம் புரட்டுவார், பக்கத்தில் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர் பத்திரிகையை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசிப்பார். ஒரே கூரையின் கீழ் எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே கதிரை.

1981 ஜூன் 4ஆம் திகதி மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல். மே 31 ஞாயிறு மாலை தமிழர் விடுதலைக் கூட்டணியின் கூட்டத்தில் பொலிசார் சுடப்பட்டு உயிரிழந்தார்கள். அன்றிரவே தெற்கிலிருந்து வந்திருந்த பொலிசார் நகரில் இறங்கினார்கள். கடைகள், கூட்டணி அலுவலகம், நாடாளுமன்ற உறுப்பினர் யோகேஸ்வரனின் வீடு, பூபாலசிங்கம் புத்தகசாலை, 'ஈழநாடு' பத்திரிகை அலுவலகம் எல்லாம் எரிந்தன. நூலகமும் எரிந்தது. கிட்டத்தட்ட 97,000 நூல்கள். அரசின் அமைச்சர்கள் இருவர் அப்போது யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள்.

எங்கள் வீட்டு முற்றத்திலிருந்து பார்த்தால் தெற்கு வானம் சிவந்து கிடந்தது. "தம்பி, அங்காலை போகாதை" என்று அம்மா என் சைக்கிளை உள்ளே எடுத்து வைத்துப் பூட்டினார். புனித பத்திரிசியார் கல்லூரி வளவில் இருந்த தாவீது அடிகள், பல மொழிகள் கற்ற முதுபெரும் அறிஞர், தீயைக் கண்டு அந்த அதிர்ச்சியிலேயே உயிர்விட்டார். வாழ்நாள் முழுவதும் சொற்களின் வேரைத் தேடியவர் அவர்.

அடுத்து வந்த நாள்களில் கொட்டிலில் வாசிக்க 'ஈழநாடு' இல்லை. வாசிக்கிறவரும் மற்றவர்களோடு குந்தியிருந்து புகையிலையைக் கையில் எடுத்தார் என்று ஐயா வந்து சொன்னார். நூலகம் எரிந்த செய்தியை நூலகத்தோடு எரிந்த பத்திரிகை எப்படிச் சொல்லும்?

1982இல் நூலக வாரம் நடத்திப் புத்தகம் சேர்த்தபோது நானும் மாணவர்களோடு வீடு வீடாகப் போனேன். கொட்டில்காரர் தாங்கள் வாசித்துக் கேட்ட நாவல்களைக் கட்டிக் கொடுத்தார்கள். தாள்களில் புகையிலை மணம். 1984இல் ஒரு பகுதி மறுபடி திறந்தது. பிறகு வந்த சண்டைகளில், கோட்டைக்கு அருகில் நின்ற குற்றத்துக்காக, அதுவும் சிதைந்தது.

இப்போதுள்ள கட்டடம் 1990களின் கடைசியில் தொடங்கித் திருத்தி எழுப்பியது. பழைய வடிவம், புதிய வெள்ளை. நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள், உள்ளே பிள்ளைகள் நிறைந்திருப்பதைப் பார்க்க எனக்குச் சந்தோசம். ஆனால் எரிந்ததை அப்படியே நினைவுச்சின்னமாக விடவேண்டும் என்று முன்பே ஒரு கருத்து இருந்தது, நான் அந்தப் பக்கம். முழுக் கட்டடம் வேண்டாம். கருகிய ஒரு சுவரை, பூச்சுப் பூசாமல், படிக்க வரும் பிள்ளையின் கண்ணில் படும் இடத்தில் விட்டிருக்கவேண்டும். அதை மறைத்து வெள்ளை அடித்தவர்களுடன் எனக்கு இன்றும் உடன்பாடில்லை.