பீப்பாவின் வயதும் கற்றாழையின் வயதும்

தெக்கீலா என்னும் மெக்சிக்கோ நாட்டு மது உயர்ந்த விலை பெறுவது அதன் வயதினால் என்பர். அந்த வயதைச் சட்டமே வரையறுத்துள்ளது. ஓக் மரக் கலத்தில் இரண்டு மாதமாவது கிடந்தால் அதற்கு ஒரு பெயர். 600 லீற்றருக்கு மேற்படாத பீப்பாவில் ஓராண்டாவது கிடந்தால் வேறொரு பெயர். மூன்றாண்டு கிடந்ததற்கு 2006ஆம் ஆண்டில் தனிப்பெயரே வகுத்தனர். ஆயின், பீப்பாவை அடையுமுன் கழிந்த ஆண்டுகளைப் போத்தலின் மேல் பெரும்பாலும் பொறிப்பதில்லை.

ஹலிஸ்கோ மாநிலத்தில் நடப்படும் நீலக் கற்றாழை முதிர ஆறேழு ஆண்டுகள் செல்லும். பூந்தண்டு எழுமானால் அடியில் திரண்ட சத்து முழுவதும் அதற்கே செலவாகிவிடும். ஆதலின் அது தலைகாட்டியதும் வெட்டிவிடுகின்றனர். முதிர்ந்த செடியை இனங்கண்டு, நீண்ட பிடியில் வட்ட அலகு பொருத்திய 'கோவா' என்னும் கருவியால் முள்மடல்களைச் சீவி, அன்னாசி போன்ற நடுத்தண்டைப் பெயர்த்தெடுப்பவன் 'ஹிமடோர்' எனப்படும் தொழிலாளி. அத்தண்டு பலவேளை 50 கிலோவைத் தாண்டும். பச்சை மடல் அதிகம் ஒட்டியிருந்தால் மது கசக்கும். எவ்வளவு சீவுவது என்பதைத் தந்தையிடமிருந்தே மகன் கற்றான். கூலியோ பெரும்பாலும் எடைக்கே.

பின்னர் அத்தண்டுகளைக் கல்லடுப்பில் ஓரிரு நாள் வேகவைத்து, கோவேறு கழுதை இழுத்த பெருங்கற் சக்கரத்தால் நசுக்கிச் சாறெடுத்தனர். சாற்றைப் புளிக்கவிட்டு இருமுறை வடித்தனர். மனிலாக் கப்பல்களில் வந்த பிலிப்பைன் மக்கள் தென்னங்கள்ளிலிருந்து சாராயம் வடித்த முறையே இங்கு வழிகாட்டியது எனக் கருதும் ஆய்வாளர் உளர். தென்னையை அறிந்த நமக்கு இது வியப்பன்று.

ஸ்பானிய மன்னன் தன் நாட்டு மதுவின் விற்பனையைக் காக்க 1785இல் இவ்வூர்ச் சாராயங்களைத் தடைசெய்தான். பத்தாண்டு கழித்து, 1795இல், குவேர்வோ குடும்பத்துக்கு அரச அனுமதி கிடைத்தது. கைவினை தொழிலாளிக்கும், உரிமைப் பத்திரம் நிலவுடைமையாளனுக்கும் உரியனவாயின.

பீப்பாவின் புகழும் பிற்காலத்தது. முன்னர் அது மதுவை ஏற்றிச் செல்லும் பாத்திரமே. 'பேர்பன்' என்னும் அமெரிக்க மதுவைப் புதிய, உட்புறம் கருக்கிய ஓக் பீப்பாவிலேயே இடவேண்டும் என்பது அந்நாட்டு விதி. ஒருமுறை பயன்பட்ட பீப்பாக்கள் பல மெக்சிக்கோவுக்கு விலைப்படுகின்றன. நிறமற்ற மதுவுக்குப் பொன்னிறமும் வனிலா மணமும் தருவது அந்தக் கருகிய மரமே. பீப்பாவைப் பழுதுபார்த்து, மீண்டும் அளவாய்க் கருக்கும் தச்சனின் கைத்திறனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயின், அதே காலத்தில் கற்றாழையின் பங்கு குறைந்தது: 1970 முதல் சர்க்கரையில் 51 சதவீதம் மட்டும் கற்றாழையிலிருந்து வந்தாலும் தெக்கீலா என்ற பெயர் செல்லும்.

2000ஆம் ஆண்டளவில் கற்றாழைக்குத் தட்டுப்பாடு வந்தது. விலை பன்மடங்கு ஏறக் கண்ட சிறு விவசாயிகள் எங்கும் நட்டனர். செடி முதிர்ந்தபோது சந்தை நிரம்பி விலை வீழ்ந்தது, வெட்டுக்கூலிக்கும் கட்டவில்லை. 2007இல் சிலர் தம் கற்றாழை வயல்களுக்குத் தீயிட்டு, அந்நிலத்தில் சோளம் விதைத்தனர்.