தாடிக்காரரின் காசு

1862 கோடையில் நியூயார்க்கில் ஒரு கோப்பை பீர் கிடைப்பது சுலபம். மீதிச் சில்லறை கிடைப்பதுதான் பெரும்பாடு. உள்நாட்டுப் போர் தொடங்கி ஒரு வருடம் தாண்டியிருந்தது. 1861 டிசம்பர் கடைசியில் வங்கிகள் தாளுக்குத் தங்கம் தருவதை நிறுத்தின. அடுத்த பிப்ரவரியில் அரசு பச்சை நிறத் தாள் டாலரை இறக்கியது. தாளின் மதிப்பு சரியச் சரியத் தங்கம் பெட்டிக்குள் போயிற்று, வெள்ளி கனடாவுக்குப் போயிற்று. கடைசியில் ஒரு சென்ட் காசையும் ஜனங்கள் முடிந்து வைத்துக்கொண்டார்கள்.

தபால்தலையைக் காசாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஜூலையில் அதற்குச் சட்டமே வந்தது. ஆனால் வியர்த்த கையில் ஒட்டிக்கொள்வதெல்லாம் பணமா என்ன? ஜான் கால்ட் என்பவர் தபால்தலையைப் பித்தளை வில்லைக்குள் வைத்து, மைக்காவால் மூடி, காப்புரிமை வாங்கினார். பின்பக்கம் விளம்பரம். அழகான பொருள்தான், சில்லறைப் பஞ்சத்துக்குப் போதவில்லை.

பிறகு கடைக்காரர்களே இறங்கினார்கள். சென்ட் அளவில் ஒரு செம்பு வில்லை, அதில் கடையின் பெயர். சிலவற்றில் 'ஒரு சென்ட்' என்று பெரிதாகவும், அதற்கு மேலே 'அல்ல' என்று பொடி எழுத்திலும் இருக்கும். கள்ளக்காசு வழக்கு வந்தால் தப்பிக்க! இப்படி வெளிவந்தவை சுமார் இரண்டரைக் கோடி என்பது நாணயவியலாளர்களின் மதிப்பீடு.

இதில் லாபம் எங்கே என்றால், வில்லை செய்ய ஒரு சென்ட் ஆகாது. மிச்சம், வாடிக்கையாளர் வட்டியில்லாமல் கொடுத்த கடன். ஆளுக்கு நாலாகச் சிதறிக் கிடக்கும்வரை யாரும் அதைத் திருப்பிக் கேட்கப்போவதில்லை. 'நாணயம்' என்ற சொல்லின் இரண்டு அர்த்தமும் அன்று கடைக்காரர் கையில்தான் இருந்தன.

குஸ்டாவஸ் லிண்டன்முல்லர் என்ற மதுக்கடைக்காரர் 1863இல் தாடி வைத்த முகம் பொறித்த வில்லைகளை, பத்து லட்சத்துக்கும் மேல் என்கிறார்கள், வெளியிட்டார். மூன்றாம் அவென்யூவில் குதிரை டிராம் ஓட்டிய கம்பெனி பயணிகளிடம் அவற்றை வாங்கிக்கொண்டது. குவிந்துபோனதும் மாற்றிக் கேட்டது. மனுஷன் சிரித்துவிட்டு, முடியாதுன்னுட்டார். கம்பெனியால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்று கதை முடிகிறது. கம்பெனிக்கே இந்த நிலை என்றால், பையில் இருபது வில்லை வைத்திருந்த கூலிக்காரர் யாரிடம் போய்க் கேட்பார்?

1864 ஏப்ரல் 22 சட்டம் தனியார் சென்ட்டுகளைத் தடுத்தது, ஜூன் 8 சட்டம் எல்லாத் தனியார் காசையும் தடுத்தது. வேடிக்கை என்னவென்றால், மெல்லிய செம்பு வில்லையை ஜனங்கள் மறுக்காமல் வாங்குவதை அரசு நாணயச்சாலை கவனித்திருந்தது. 4.67 கிராம் இருந்த நிக்கல் கலந்த பழைய சென்ட்டை விட்டுவிட்டு, அதே ஏப்ரல் சட்டத்தில் 3.11 கிராம் வெண்கல சென்ட்டுக்கு மாறியது. அளவிலும் நிறத்திலும் அது கடைக்காரர் வில்லை மாதிரியே இருந்தது.