ஆரம்பக் கருத்துக்கணிப்புகளும் பின்தங்கிய வேட்பாளர்களும்: கனடாவின் அனுபவம்

தேர்தல் பிரசாரத்தின் தொடக்கத்தில் வெளியாகும் கருத்துக்கணிப்புகளை எந்த அளவுக்கு நம்பலாம்? கனடாவில் 2011ஆம் ஆண்டிலும் 2015ஆம் ஆண்டிலும் நடந்த நாடாளுமன்றத் தேர்தல்கள் இக்கேள்விக்கு இரு வேறு கோணங்களில் விடை தருகின்றன.

2011 மார்ச் 26ஆம் தேதி தேர்தல் அறிவிக்கப்பட்டபோது, ஜாக் லேட்டன் தலைமையிலான புதிய ஜனநாயகக் கட்சி கணிப்புகளில் மூன்றாம் இடத்தில் இருந்தது. அதற்கு முந்தைய 2008ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சி வென்றவை 308 தொகுதிகளில் 37 மட்டுமே. கியூபெக் மாகாணத்தின் 75 தொகுதிகளில் அதற்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று.

ஏப்ரல் நடுப்பகுதியில் நடந்த தலைவர்களின் தொலைக்காட்சி விவாதங்களுக்குப் பின்னர் நிலைமை மாறியது. மே 2ஆம் தேதி வாக்குகள் எண்ணப்பட்டபோது, கியூபெக்கில் 59 உட்பட 103 தொகுதிகளைக் கைப்பற்றி, அக்கட்சி முதல் தடவையாக அதிகாரபூர்வ எதிர்க்கட்சியானது. லிபரல் கட்சி 34 இடங்களுடன் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது.

பெயரளவிலான வேட்பாளர்களாகக் கருதப்பட்ட பலர் இந்த அலையில் வென்றனர். கியூபெக்கில் ரூத் எலன் புரோசோ, தன் தொகுதியில் பிரசாரமே செய்யாமல் வெற்றி பெற்றார். டொரோண்டோவின் ஸ்கார்பரோ-ரூஜ் ரிவர் தொகுதி 1988 முதல் லிபரல் கட்சியின் டெரிக் லீ வசம் இருந்து வந்தது. அவர் போட்டியிடாத இத்தேர்தலில், யாழ்ப்பாணத்தில் பிறந்த ராதிகா சிற்சபைஈசன் அங்கு வென்று, கனேடிய நாடாளுமன்றத்தின் முதல் தமிழ் உறுப்பினரானார்.

கணிப்புகள் இதை முன்கூட்டியே காட்டாததற்குக் காரணங்கள் உண்டு. நாடு முழுவதும் ஆயிரம் பேரிடம் நடத்தப்படும் ஒரு கணிப்பில், சராசரியாகத் தொகுதிக்கு மூன்று பேரே இடம்பெறுவர். தேசிய அளவில் அதன் பிழை எல்லை ஏறத்தாழ 3 சதவீதம். ஆனால் அதில் கியூபெக்கைச் சேர்ந்த சுமார் 250 பேரை மட்டும் தனியே பார்த்தால் அது 6 சதவீதமாக உயர்கிறது. மேலும், பிரசாரத்தின் தொடக்கத்தில் பலர் தாம் கேள்விப்பட்ட பெயரையோ, வழக்கமாக ஆதரிக்கும் கட்சியையோதான் கூறுகின்றனர். இன்னமும் முடிவு செய்யாதவர்களை நீக்கிவிட்டே பெரும்பாலும் சதவீதங்கள் வெளியிடப்படுகின்றன.

ஆயினும் இக்கணிப்புகளுக்கு விளைவுகள் உண்டு. வெல்ல வாய்ப்பில்லை என்று கருதப்படும் வேட்பாளருக்கு நன்கொடையும் தொண்டர்களும் குறைகின்றனர். கனடாவில் ஒரு வேட்பாளர் குறைந்தது 10 சதவீத வாக்குகளைப் பெற்றால் மட்டுமே அவரது தேர்தல் செலவின் ஒரு பகுதியை அரசு திருப்பித் தருகிறது. அதிக வாக்கு பெற்றவரே வெல்லும் முறையில், தமது வாக்கு வீணாகும் என்று அஞ்சும் ஆதரவாளர்கள் வேறு கட்சிக்கு வாக்களிக்கவும் கூடும். பின்தங்கியவர் என்ற கணிப்பே அவரை மேலும் பின்தள்ளலாம்.

முன்னணியில் இருப்பதும் பாதுகாப்பானதல்ல. 2015 ஆகஸ்ட் மாதத்தில் பல கணிப்புகளில் முதலிடம் வகித்தது இதே புதிய ஜனநாயகக் கட்சிதான். லிபரல் கட்சி மூன்றாம் இடத்தில் இருந்தது. அக்டோபர் 19ஆம் தேதி ஜஸ்டின் ட்ரூடோவின் லிபரல் கட்சி 338 இடங்களில் 184ஐ வென்று ஆட்சி அமைத்தது. புதிய ஜனநாயகக் கட்சி 44 இடங்களாகச் சுருங்கியது. ராதிகா சிற்சபைஈசனும் தோல்வியடைந்தார்.

கனேடியத் தேர்தல் சட்டம், கணிப்பை வெளியிடுவோர் அதை நடத்தியவர், நடத்திய தேதி, பங்கேற்குமாறு தொடர்பு கொள்ளப்பட்டோர் எண்ணிக்கை, பிழை எல்லை ஆகியவற்றையும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. புதிய கணிப்புகளை வெளியிடத் தடை இருப்பது வாக்குப்பதிவு நாளில் மட்டுமே. மற்ற நாட்களில், யார் முந்துகிறார் என்ற தலைப்புச் செய்தியுடன் நின்றுவிடாமல், எத்தனை பேரிடம், எப்போது கேட்கப்பட்டது, எத்தனை பேர் இன்னும் முடிவெடுக்கவில்லை என்பதையும் கவனிக்கும் பொறுப்பு வாக்காளரையே சாருகிறது.