செர்பேர் முதல் போர்ட்பூ வரை: ஒரு பாதையின் வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன்னர் எம்மிடம் உயர்தர வகுப்பிற் பயின்று, இன்று பாரிஸ் நகரிலே உணவுச்சாலை ஒன்றிற் பணிபுரியும் இளைஞரொருவர் அண்மையிற் கடிதம் எழுதியிருந்தார். நான்கு நாள் விடுமுறை கிடைத்திருப்பதாகவும், நண்பர் இருவருடன் மோட்டார் வண்டியொன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு பிரான்சின் தென்கோடியிலிருந்து கடலோரமாகவே ஸ்பெயினுக்குட் செல்ல எண்ணியிருப்பதாகவும் தெரிவித்திருந்தார். பிரான்சில் வாழ்பவர் அந்நாட்டுப் பாதையை ஈழத்திலிருக்கும் ஆசிரியரிடம் வினவுவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அவர் கேட்டது வேறு. “அந்தப் பக்கத்தில் பார்க்க என்ன இருக்கிறது, சேர்?” என்பதே அவரது வினா. தேசப்படத்தை மேசையில் விரித்து நாம் எழுதிய மறுமொழியின் விரிவே இக்கட்டுரை.

பிரான்சையும் ஸ்பெயினையும் பிரிக்கும் பிரனீசு மலைத்தொடர் அத்திலாந்திக் சமுத்திரத்திலிருந்து மத்தியதரைக் கடல்வரை நீண்டு கிடப்பது. அதன் கீழைக்கோடியில் அல்பேர் எனப்படும் குன்றுகள் தாழ்ந்து தாழ்ந்து கடலுக்குள் இறங்குகின்றன. இப்பகுதியில் எல்லையைக் கடக்க முக்கியமான வழிகள் இரண்டுண்டு. ஒன்று, உள்நாட்டிலே லே பெர்த்தூஸ் கணவாயினூடாகச் செல்லும் பெருந்தெரு. உரோமரின் வீதி இக்கணவாய்ப் பகுதியிலேதான் சென்றது. இன்று பார ஊர்திகள் இரவுபகலாக இவ்வழியே ஓடுகின்றன. மற்றையது, கடலைத் தொட்டும் விலகியும் வளைந்து செல்லும் மலைப்பாதை. பேர்ப்பிஞ்ஞான் நகரிலிருந்து கொலியூர், பன்யுல்ஸ், செர்பேர் ஆகிய ஊர்களைக் கடந்து, பெலித்ர் என்னுங் கணவாயில் ஏறி, ஸ்பெயினின் போர்ட்பூவில் இறங்கி, லியான்சா வழியாகப் பிகேரஸ் நகரை அடைவது. முழுத் தூரமும் நூறு கிலோமீற்றருக்கு உட்பட்டதே. விரைந்து செல்பவர் அரை நாளிற் கடந்துவிடலாம். நாம் அதற்கு நான்கு நாட்களையும் ஒதுக்குமாறு எழுதினோம்.

புறப்படுமுன் அறியவேண்டிய முதற் செய்தி, இவ்வெல்லை மலையோடு பிறந்ததன்று என்பதாகும். மலைக்கு இருபுறமும் வாழ்ந்தவர் கற்றலன் மொழி பேசிய ஒரே மக்களே. 1659 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே, மலைத்தொடரின் மறுகோடியில், பிடசோவா ஆற்றின் நடுவேயுள்ள சிறு தீவொன்றில் இரு முடியரசுகளின் பிரதிநிதிகள் கூடி உடன்படிக்கை செய்தனர். அதன்படி ருசியோன் என்னும் வடபகுதி பிரான்சுக்குச் சேர்ந்தது. அம்மண்ணில் உழுதவரையோ மீன்பிடித்தவரையோ எவருங் கலந்தாலோசிக்கவில்லை. 1700 ஆம் ஆண்டில் பதினான்காம் லூயி மன்னன் உத்தியோக ஆவணங்களிற் கற்றலன் மொழியைத் தடைசெய்தான். எல்லைக் கோடு முதலில் நிலத்திலும் பின்னர் நாவிலும் கீறப்படும் முறை இது. மொழியின் பெயரால் அரசு செய்யக்கூடியவற்றை அறிந்த நம் வாசகருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

முதல் நாட் பயணம் பேர்ப்பிஞ்ஞானிலிருந்து கொலியூர் வரை. வழியில் ஆர்ஜெலே என்னுங் கடற்கரையூர் உண்டு. கோடையிலே கூடாரமடித்துத் தங்குவோரால் நிரம்பும் அகன்ற மணற்கரை அது. 1939 ஆம் ஆண்டு பெப்ரவரியிலும் அம்மணல் நிரம்பியிருந்தது. அவ்வாண்டு ஜனவரி 26 ஆந் திகதி பார்சிலோனா பிராங்கோவின் படைகளிடம் வீழ்ந்தது. குடியரசின் பக்கம் நின்ற மக்கள், உழவரும் தொழிலாளரும் ஆசிரியரும் தாய்மாரும் குழந்தைகளும், மூட்டை முடிச்சுகளுடன் வடக்கு நோக்கி நடந்தனர். முதலில் மூடப்பட்டிருந்த எல்லை, ஜனவரி இறுதியிற் பொதுமக்களுக்கும் பெப்ரவரி 5 ஆந் திகதி குடியரசுப் படையினருக்கும் திறக்கப்பட்டது. இரண்டு வாரங்களுக்குள் ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் இம்மலையைக் கடந்தனர். பெலித்ர் கணவாயும் அவர்கள் வந்த வழிகளுள் ஒன்று. வந்தவருக்குப் பிரெஞ்சுக் குடியரசு அளித்த வரவேற்பு முட்கம்பியாகும். ஆர்ஜெலே, சென் சிப்ரியான் கரைகளில், தொடக்கத்திற் கொட்டில்களுமின்றி, மாசிக் குளிரில், வெறும் மணலிற் குழிதோண்டி மக்கள் படுத்தனர். வயிற்றோட்டமும் பசியும் பலரைக் கொன்றன.

இவர்களை அகதிகளாக்கியதில் பிராங்கோவுக்கு ஆயுதம் வழங்கிய ஹிட்லருக்கும் முசோலினிக்கும் மட்டுமே பங்குண்டு என்று கூறிவிட முடியாது. தலையிடாக் கொள்கையென்ற பெயரில் 1936 முதல் குடியரசின் கைகளைக் கட்டிவைத்த ஜனநாயக அரசுகளுக்கும் அதிற் பங்குண்டு. முட்கம்பிக்குள் மக்கள் இருந்த அதே பெப்ரவரி மாதம் 27 ஆந் திகதி, பிரித்தானியாவும் பிரான்சும் பிராங்கோவின் ஆட்சியை அங்கீகரித்தன.

எனினும் அதே வட்டாரத்தில் எல்ன் என்றோர் ஊருமுண்டு. முகாம்களில் இருந்த கர்ப்பிணிப் பெண்களை அழைத்துவந்து பிள்ளைப்பேறு பார்ப்பதற்காக, எலிசபெத் ஐடன்பென்ஸ் என்னும் சுவிஸ் நாட்டு இளம் ஆசிரியை 1939 இறுதியில் அங்கே ஒரு மாளிகையைப் பிரசவ விடுதியாக்கினார். 1944 இல் ஜெர்மானியர் அதனை மூடும்வரை 597 குழந்தைகள் அங்கே பிறந்தன. ஸ்பானியக் குழந்தைகளோடு யூதக் குழந்தைகளும் ஜிப்சிக் குழந்தைகளும் அவற்றுள் அடங்கும். ஆர்ஜெலேக்குச் செல்பவர் எல்னையும் பார்த்தல் வேண்டும். ஒன்றைமட்டும் பார்த்தால் மனிதர்மீது நம்பிக்கை போய்விடும். மற்றதை மட்டும் பார்த்தால் அரசுகளின் பொறுப்பு மறந்துவிடும்.

ஆர்ஜெலேயைத் தாண்டியதும் விரைவுவீதி கொலியூரை ஒதுக்கிவிட்டு மேலே செல்கிறது. அதில் ஏறாது பழைய கரையோரப் பாதையிலேயே இறங்குமாறு நம் மாணவருக்கு எழுதினோம். 1905 ஆம் ஆண்டுக் கோடையிலே மத்தீஸ், தெரேன் ஆகிய ஓவியர்கள் வந்து, கண்ணைக் கூசவைக்கும் புதிய வண்ணங்களால் ஓவியந் தீட்டிய ஊர் கொலியூர். பயணநூல்கள் அதனைப் பாராட்டத் தவறுவதில்லை. ஆனால் அவ்வூர் மயானத்தில் ஸ்பானியக் கவிஞர் அந்தோனியோ மச்சாதோ உறங்குகிறார். சோரியா, பயேசா, செகோவியா ஆகிய ஊர்களின் இடைநிலைப் பாடசாலைகளிற் பிரெஞ்சு மொழி கற்பித்த ஆசிரியர் அவர். 63 வயதில், நோயுற்ற முதிய தாயுடன், மழையிலே எல்லையைக் கடந்து செர்பேருக்கு வந்தார். கைப்பெட்டி வழியிலே தவறிப்போயிற்று. பிப்ரவரி 22 ஆந் திகதி கொலியூரின் சிறு விடுதியொன்றில் இறந்தார். மூன்று நாளில் தாயும் இறந்தார். வாழ்நாளெல்லாம் எந்த நாட்டின் மொழியைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தாரோ அந்நாட்டிலேயே ஏதிலியாக மாண்டார். அவரது கல்லறையருகே ஒரு தபாற்பெட்டி உண்டு. இன்றும் மக்கள் அவருக்குக் கடிதம் எழுதி அதிலிடுகின்றனர்.

இரண்டாம் நாள் போர்-வாந்திரைக் கடந்து பன்யுல்ஸ் வரை. இடையிலே பொலீய் என்னும் அழகிய குடாவுண்டு. நோபலின் பெயரோடு தொடர்புடைய டைனமைற் தொழிற்சாலை 1870 இல் அங்கே தோன்றியது. பனாமாக் கால்வாய் வேலைக்கும் வெடிமருந்து அங்கிருந்து சென்றது. ஆண்களும் பெண்களும் நச்சுத்தூளோடு உழைத்தனர். வெடிவிபத்துக்களில் உயிரிழந்தவர் பலர். 1984 இல் மூடப்பட்டு, பின்னர் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்ட அவ்விடம் இன்று பூங்காவாகக் காட்சியளிக்கிறது. சரிவெங்கும் படிப்படியாகத் தெரியும் திராட்சைத் தோட்டங்களும் கண்ணுக்கினியனவே. அப்படிகளைத் தாங்கும் கல்லணைகளைத் தலைமுறை தலைமுறையாகக் கையால் அடுக்கியோரின் பெயர்களை எந்தக் கல்வெட்டும் கூறவில்லை.

மூன்றாம் நாளை ஒரு பகுதி நடைக்கு ஒதுக்கல் வேண்டும். மூவருள் ஒருவர் வண்டியைப் போர்ட்பூவுக்கு ஓட்டிச் செல்ல, மற்றிருவர் பன்யுல்சிலிருந்து மலைமேலாக நடக்கலாம். ஏறத்தாழ 15 கிலோமீற்றர். குடியரசுத் தளபதி லிஸ்தரின் பெயரால் வழங்கிய ஒற்றையடிப்பாதை இது. 1939 இல் வடக்கே வந்தோர் பயன்படுத்திய அதே மலையை, 1940 இல் ஹிட்லருக்குத் தப்பியோடியோர் தெற்கு நோக்கிக் கடக்கவேண்டியதாயிற்று. பிரான்சு தோற்றுச் சரணடைந்த உடன்படிக்கையின் 19 ஆம் பிரிவு, ஜெர்மனி கேட்கும் ஜெர்மானிய அகதிகளை ஒப்படைக்கப் பிரான்சைக் கட்டுப்படுத்தியது. கரையோரப் பாதையிற் காவல் மிகுந்தபடியால் மலைப்பாதையே மிஞ்சியது. பன்யுல்சின் நகரபிதாவாகவிருந்த வின்சென்ற் அசேமா என்னும் சோசலிசவாதி அதனைக் காட்டிக்கொடுத்தார்.

1940 செப்டெம்பரில் லீசா பிட்கோ என்ற பெண் அப்பாதையால் அழைத்துச் சென்றவர்களுள் ஒருவர் வால்ற்றர் பென்யமின். மார்க்சியக் கண்கொண்டு கலையையும் வரலாற்றையும் ஆராய்ந்த பேரறிஞர், இதயநோயாளர், வயது 48. பத்து நிமிடம் நடப்பதும் ஒரு நிமிடம் ஓய்வதுமாக அளந்து நடந்தார். தம் உயிரினும் மேலான கையெழுத்துப்படி இருப்பதாகக் கூறிக் கனத்த தோற்பையொன்றைச் சுமந்து சென்றார். அமெரிக்கா செல்லும் அனுமதி அவரிடம் இருந்தது. ஸ்பெயினைக் கடக்கும் அனுமதியும் இருந்தது. பிரான்சை விட்டு வெளியேறும் அனுமதி மட்டும் இல்லை. அக்காரணத்தாற் திருப்பியனுப்பப்படுவாரெனப் போர்ட்பூப் பொலிசார் கூறினர். செப்டெம்பர் 26 ஆந் திகதி அவ்வூர் விடுதியில் அவர் இறந்தார். மோர்பியா உட்கொண்டு உயிர்நீத்தாரென்பதே பெரும்பாலோர் முடிவு. உடன்வந்தோர் பின்னர் பயணந் தொடர அனுமதிக்கப்பட்டனர். தோற்பை கிடைக்கவேயில்லை.

இருபது மாத இடைவெளியில் ஒரே மலை. வடக்கே வந்த கவிஞரின் பெட்டியும் தெற்கே சென்ற அறிஞரின் பையும் அங்கே தொலைந்தன. மலை இருவரையும் கடக்கவிட்டது. நோயுற்ற முதியவளும் இதயம் நலிந்தவரும் ஏறி இறங்கக்கூடிய உயரந்தான் அதற்குண்டு. மறித்தது முத்திரை, அதனைக் குத்தவும் மறுக்கவும் அதிகாரம் பெற்றிருந்த ஆட்சி. வரலாற்று வகுப்புகளில் “இயற்கை எல்லை” என்ற சொல்லை நாம் எளிதாகக் கரும்பலகையில் எழுதிவிடுகிறோம். அதனை எழுதும்போது இனி நம் கை சற்றுத் தயங்குதல் நன்று.

எல்லையின் இருபுறத்துப் புகையிரத நிலையங்களையும் பார்க்காது செல்லலாகாது. 1878 இல் இருப்புப்பாதை இணைந்தபோதும் தண்டவாள அகலங்கள் இணையவில்லை. பிரான்சின் அகலம் 1.435 மீற்றர், ஸ்பெயினுடையது ஏறத்தாழ 1.67 மீற்றர். ஆதலால் வலென்சியாவின் தோடம்பழங்களை ஒரு புகையிரதத்திலிருந்து மற்றதற்குக் கூடைகூடையாக மாற்றுவதற்கெனச் செர்பேரிற் பெண்தொழிலாளர் நூற்றுக்கணக்கிற் கூடினர். 1906 இல் அவர்கள் கூலி உயர்வு கோரி வேலைநிறுத்தஞ் செய்தனர். பிரெஞ்சுப் பெண்தொழிலாளரின் ஆரம்பப் போராட்டங்களுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. பிற்காலத்தில் வண்டிகளின் சக்கர அச்சுக்களையே மாற்றும் பொறிகள் வந்து அத்தொழில் மறைந்தது. எல்லை, சிலருக்கு மரணமாகவும் சிலருக்கு அன்றாடச் சோறாகவும் இருந்ததென்பதையும் நாம் மறைத்தலாகாது. 1995 இல் ஷெங்கன் ஏற்பாட்டின்படி எல்லைச் சோதனை நீங்கியபோது, சுங்கவேலையை நம்பியிருந்த போர்ட்பூ களையிழந்தது.

நான்காம் நாட் காலையிற் போர்ட்பூ மயானத்துக்கு ஏறுக. அதன் வாயிலருகே, இஸ்ரேலியச் சிற்பி தனி கரவான் பென்யமினுக்காக அமைத்து 1994 இல் திறக்கப்பட்ட நினைவுச்சின்னம் உண்டு. துருவேறிய இரும்புச் சுரங்கமொன்றிற் படிகள் கடலை நோக்கி இறங்குகின்றன. அலை தெரிகிறது; ஆயின் இடையிலே கண்ணாடி மறிக்கிறது. பின்னர் லியான்சா வழியாகப் பிகேரசுக்கும் பார்சிலோனாவுக்கும் செல்லலாம்.

விடுமுறையை அனுபவிக்கச் செல்லும் இளைஞருக்குக் கல்லறைகளையும் முகாம்களையும் அடுக்கிக் கொடுப்பது முறையோவென எம் சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். கடலில் நீந்துக, திராட்சையை உண்க, திரமொந்தானா என்னும் வடமேற்குக் காற்று ஓங்கி வீசும் நாளில் வளைவுகளில் மெதுவாக ஓட்டுக என்றும் நாம் எழுதியே இருந்தோம். ஆயினும் அழகைமட்டும் கண்டு திரும்புபவன் அந்நாட்டின் பாதியையே காண்கிறான். கல்லடுக்கியவரையும் கூடை சுமந்தவரையும் மணலிற் படுத்தவரையும் அறிந்தவனுக்கே அக்கரையின் அழகு முழுமையாக விளங்கும்.

கடிதத்தின் இறுதியில் ஒரு வரி சேர்த்தோம். எல்லை திறந்ததுதான். எனினும் 2015 நவம்பர் முதல் பிரான்சு மீண்டும் சோதனைகளை ஏற்படுத்தியது. 2021 தொடக்கத்திற் பன்யுல்ஸ் கணவாயைப் பாறைகளால் மூடியபோது இருபுறத்து ஊர்மக்களுங் கூடி எதிர்த்தனர். செர்பேர் நிலையத்தில் வண்டியிலேறிய எல்லோரிடமும் ஒரே விதமாகக் கடவுச்சீட்டுக் கேட்கப்படுவதில்லை. தோலின் நிறமும் அங்கே வாசிக்கப்படுகிறது. ஆதலால் வதிவிட அட்டையை மறவாது கொண்டுசெல்க என்று எழுதினோம்.

மறுமொழி விரைவில் வந்தது. “அட்டையை நான் படுக்கும்போதும் தலையணைக்குக் கீழே வைத்துப் பழகிவிட்டேன், சேர். மச்சாதோவுக்குக் கடிதம் எழுதுவதானால் எந்த மொழியில் எழுதலாம்?” என்று கேட்டிருந்தார்.

தமிழிலேயே எழுதுமாறு கூறினோம். மொழியாசிரியர் ஒருவர் அதனைப் பிழையெனக் கொள்ளமாட்டார்.