கடன் சங்கத்தில் டைரக்டராக உட்கார்ந்த விவசாயிகள்: ஒரு சிறு வரலாறு

 

நம் வாட்ஸ்அப் குழுவில் சொசைட்டி என்று பேச்சு வந்தால் மூன்றே விஷயம்தான் ஓடுகிறது. நகைக்கடன், யூரியா, தள்ளுபடி. அந்தச் சங்கத்துக்கு நிர்வாகக் குழு என்று ஒன்று உண்டு, அதில் நம்மைப் போன்ற சம்சாரிகள்தான் உட்கார வேண்டும் என்பதை யாரும் பேசுவதில்லை. இளையவர்கள் பலருக்கு அது தெரியவே தெரியாது. அதனால் இன்று அதைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். பதிவு நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. பாங்கில் கடன் கேட்டுப் போகிறோம். கொடுப்பவர் மேசைக்கு அந்தப் பக்கம், கேட்பவர் இந்தப் பக்கம். கடன் சங்கத்தில் மட்டும் கடன் வாங்குகிற விவசாயியே மேசைக்கு அந்தப் பக்கமும் உட்காருகிறார். பக்கத்து வயல்காரருக்குக் கடன் தரலாமா என்று தீர்மானம் போடுகிறார். தவணை தவறினால் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கிறார். அடுத்த பட்டத்துக்கு அவரே மனுவும் போடுகிறார். இந்த விசித்திரமான ஏற்பாடு யார் மூளையில் உதித்தது?

பழைய நிலைமையைச் சொன்னால்தான் இது புரியும். விதைக்கும் மாட்டுக்கும் பணம் வேண்டுமென்றால் அன்று லேவாதேவிக்காரர்தான் கதி. புரோநோட்டில் கைநாட்டு வைத்துவிட்டு வந்தால் வட்டி எப்படி ஏறுகிறது என்று நமக்குத் தெரியாது, கணக்கு அவரிடம் இருக்கும். 1875-இல் புனே, அகமதுநகர் மாவட்டங்களில் விவசாயிகள் திரண்டு கடன் கொடுத்தவர்களின் பத்திரங்களையும் கணக்குப் புத்தகங்களையும் பிடுங்கித் தீயில் போட்டார்கள். ஆளைவிடக் காகிதத்தின் மேல்தான் அவர்களுக்குக் கோபம் அதிகம்.

ஜெர்மனியிலும் இதே நிலைமை இருந்தது. அங்கே வெயர்புஷ் என்ற சிற்றூர்ப் பகுதிக்குத் தலைவராக இருந்தவர் ஃபிரெடரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன். பிறந்தது 1818. 1846-47 குளிர்காலத்தில் பஞ்சம் வந்தது. ஊரில் வசதியானவர்களைச் சேர்த்து ஒரு ரொட்டிச் சங்கம் ஆரம்பித்தார். பிறகு ஃபிளாமர்ஸ்ஃபெல்டு என்ற ஊரில், ஏழை விவசாயிகள் தவணையில் மாடு வாங்குவதற்காக 1849-இல் இன்னொரு சங்கம். இரண்டிலும் பணம் பெரியவர்களுடையது, வாங்குபவர்கள் ஏழைகள். நல்ல காரியம்தான், ஆனால் நிலைக்கவில்லை. கொடுப்பவருக்குக் கொஞ்ச நாளில் அலுப்பு வந்துவிடுகிறது. வாங்குபவருக்கோ அது தன் சங்கம் என்ற எண்ணமே வருவதில்லை.

1864-இல் ஹெட்டஸ்டோர்ஃப் என்ற ஊரில் அவர் விதியை மாற்றினார். கடன் தேவைப்படுகிறவர்களே உறுப்பினர்கள், அவர்களே நிர்வாகிகள். சங்கத்தின் எல்லை ஒருவரை ஒருவர் அறிந்த சிறிய ஊர்ப் பகுதி. நிர்வாகக் குழுவுக்குச் சம்பளம் கிடையாது, கணக்கு எழுதுபவருக்கு மட்டும் உண்டு. லாபத்தைப் பிரித்துக்கொள்ளக் கூடாது, சேமநிதியில் சேர்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சங்கம் நொடித்தால் ஒவ்வொரு உறுப்பினரும் தன் சொத்து முழுவதற்கும் பொறுப்பு. பக்கத்து வீட்டுக்காரர் ஏமாற்றினால் நம் வயலும் போகும். அப்படி இருந்தால் யாருக்குக் கடன் கொடுக்கிறோம் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்போமா இல்லையா?

இது நம் ஊருக்கு வந்த வழி சுவாரசியமானது. சென்னை மாகாண அரசு 1892-இல் ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியை விவசாயக் கடன் முறைகளை ஆராயச் சொன்னது. அவர் ஐரோப்பாவில் நடப்பதைப் பார்த்தும் படித்தும், நம் மாகாணத்து நிதிகளையும் ஆராய்ந்து, 1895, 1897 ஆண்டுகளில் இரண்டு பெரிய தொகுதிகளாக அறிக்கை கொடுத்தார். அதன் சாரம், இந்த நாட்டுக்கும் ஒரு ரைஃபைசனைத் தேடிப் பிடியுங்கள் என்பதுதான். பணத்தைவிட, ஊரில் நம்பிக்கையான ஆள்தான் முதலில் வேண்டும் என்று அவர் கண்டார்.

உடனே எதுவும் நடக்கவில்லை. அடுத்தடுத்துப் பஞ்சங்கள் வந்தன, கமிட்டிகள் உட்கார்ந்தன. கடைசியில் 1904 மார்ச்சில் கர்சன் பிரபு காலத்தில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் நிறைவேறியது. கிராமச் சங்கத்தில் ஐந்தில் நான்கு பங்கு உறுப்பினர்கள் விவசாயிகளாக இருக்க வேண்டும், பொறுப்பு வரையறையற்றது என்று எழுதினார்கள். இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூர் சங்கம் அந்த ஆண்டு ஆகஸ்ட் 30-ஆம் தேதியே பதிவாகிவிட்டது. நாட்டின் முதல் கடன் சங்கம் அதுதான் என்பது நம் கூட்டுறவுத் துறையின் கணக்கு. கர்நாடகத்தில் கதக் அருகே கணகினஹாள் ஊரார், 1905-இல் தொடங்கிய தங்கள் சங்கத்தை முதல் என்பார்கள். அந்தப் பெருமையை இரண்டு ஊரும் வைத்துக்கொள்ளட்டும்.

நம் மாகாணத்தில் அன்று நிர்வாகக் குழு உறுப்பினர்களைப் பஞ்சாயத்தார் என்று அழைத்தார்கள். எவ்வளவு பொருத்தமான பெயர்! எந்த வயலுக்கு ஏரித் தண்ணீர் பாயும், எந்த வயல் கடைமடையில் காயும், யார் வாங்கிய பணத்தை விதையில் போடுவார், யார் சீட்டாட்டத்தில் விடுவார் என்பதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. பஞ்சாயத்தாருக்கு அது தெரியும். கடன் கொடுக்கும் தொழிலில் விலைமதிப்பில்லாத சரக்கு அந்த அறிவுதான். வெளியூர்ப் பாங்கு எவ்வளவு செலவு செய்தாலும் அதை வாங்க முடியாது.

குறையையும் சொல்ல வேண்டும். ஊரில் யார் பெரியவரோ அவரே பஞ்சாயத்தார் ஆனார். பல இடங்களில் வட்டிக்கு விடுபவரும் அவரே. குத்தகைக்காரரிடம் பட்டா இல்லை, அதனால் கடன் இல்லை. சேரி மக்களுக்கு அந்த மேசையில் இடமே இல்லை. பெண்களைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒருவரை ஒருவர் அறிந்த ஊரில் சாதியும் நன்றாகத் தெரியும் அல்லவா?

சுதந்திரம் வந்த பிறகு ரிசர்வ் வங்கி நாடு முழுவதும் ஒரு பெரிய ஆய்வு நடத்தியது. கோர்வாலா தலைமையிலான குழு 1954-இல் அறிக்கை கொடுத்தது. 1951-52-இல் விவசாயிகள் வாங்கிய கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது வெறும் 3.1 விழுக்காடு. லேவாதேவிக்காரர்கள் கொடுத்தது ஏறக்குறைய 70 விழுக்காடு. சுமார் ஐம்பது வருட உழைப்புக்குக் கிடைத்த பலன் இவ்வளவுதான். ஊராரிடம் முதல் இல்லை, அரசே பங்குதாரராக வரட்டும் என்று குழு சொன்னது. வரையறையற்ற பொறுப்பும் படிப்படியாகப் போனது. பணம் பெருகியது, கடன் நிறையப் பேருக்குக் கிடைத்தது. அது பெரிய நன்மை, மறுக்க முடியாது. ஆனால் பங்குத்தொகை போட்டவர் எஜமான் ஆவார் என்பதும் உலக வழக்கம். "நம்ம பணம்" என்ற பேச்சு மெல்ல "கவர்மெண்டுப் பணம்" என்று மாறியது.

அந்தக் காலத்தில்தான் எங்கள் பெரியப்பா ஊர்ச் சங்கத்தில் டைரக்டராக இருந்தார். உறவுகளில் மூத்தவர்களுக்கு இந்தக் கதை தெரியும். 1960-களின் கடைசி என்று நினைக்கிறேன். பெரியம்மாவின் கூடப்பிறந்த தம்பி வேர்க்கடலை போடுகிறேன் என்று பயிர்க்கடனுக்கு மனு கொடுத்திருந்தார். பணம் உண்மையில் மகள் கல்யாணத்துக்கு. கூட்டத்தில் பெயரை வாசித்ததும் எல்லாரும் மௌனம். டைரக்டரின் மைத்துனராயிற்றே, யார் வாய் திறப்பார்கள்? பெரியப்பாவே சொன்னாராம்: "அந்தக் காட்டுல இந்தப் பட்டத்துக்கு ஏரே ஓட்டல. மனு தள்ளுபடின்னு எழுதிக்குங்க."

இரண்டு பொங்கலுக்கு அந்த வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. கல்யாணச் செலவுக்குப் பெரியப்பா தன் கைப்பணத்தைக் கொடுத்தனுப்பினார். "அது என் பணம், கொடுக்கலாம். சங்கத்துப் பணத்துல இருநூறு பேர் இருக்காங்க" என்று அவர் சொன்னதைப் பெரியம்மா கடைசிவரை பாதி வருத்தமாகவும் பாதி பெருமையாகவும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆறு வகுப்புகூட முடிக்காத மனிதர் அவர். அதே பெரியப்பாவின் மேசையில் காலனியிலிருந்து ஒருவர்கூட உட்காரவில்லை என்பதையும் நான் எழுதத்தான் வேண்டும்.

1976-இல் தமிழ்நாட்டில் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. தனி அலுவலர்கள் நியமனச் சட்டம் ஒன்று போட்டு, தேர்ந்தெடுத்த குழுக்களின் இடத்தில் அதிகாரிகளை வைத்தார்கள். குழுக்களில் ஊழலும் கோஷ்டியும் இருந்தன, பொய்யில்லை. ஆனால் தற்காலிகம் என்று வந்த ஏற்பாடு நீண்டுகொண்டே போனது. மாநிலம் முழுவதும் சங்கத் தேர்தல் 1996-இல் நடந்தபோது, கூட்டத்தில் உட்கார்ந்து தீர்மானம் எழுதிப் பழகிய தலைமுறைக்கு வயதாகிவிட்டது. 2001-இல் மறுபடி தனி அலுவலர்கள். 2013-இலும் 2018-இலும் தேர்தல் நடந்தது. 2023-இல் பதவிக்காலம் முடிந்ததும் சங்கங்கள் மறுபடி தனி அலுவலர்களிடம் போயின.

நடுவில் 2011-இல் அரசியலமைப்பின் 97-ஆவது திருத்தம் வந்தது. கூட்டுறவுச் சங்கம் அமைப்பது அடிப்படை உரிமை ஆனது. குழுவின் காலம் 5 ஆண்டு, தாழ்த்தப்பட்டோர் அல்லது பழங்குடியினருக்கு ஓர் இடம், பெண்களுக்கு இரண்டு இடம் என்றெல்லாம் அதில் எழுதினார்கள். மாநிலச் சங்கங்கள் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டவை, மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதல் பெறவில்லை என்று 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதி மாநிலச் சங்கங்களுக்குச் செல்லாது என்றது. ஆக, நம் சங்கத்தின் நிர்வாகக் குழு இருப்பதும் இல்லாததும் மாநிலச் சட்டத்தின் கையில்தான்.

தனி அலுவலர் எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நேர்மையாக உழைத்தவர்கள் உண்டு. ஆனால் ஓர் அலுவலரிடம் பல சங்கங்கள் இருக்கும். சிட்டாவும் அடங்கலும் சரியாக இருந்தால் கடன் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. காட்டில் ஏர் ஓட்டினார்களா என்று அவருக்குத் தெரிய வழியில்லை. தவறாகக் கொடுத்தாலும் அவர் வீட்டுப் பொங்கலுக்கு யாரும் வராமல் இருக்கப் போவதில்லை.

தள்ளுபடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2006, 2016, 2021 என்று மூன்று முறை பெரிய தள்ளுபடிகள் வந்தன. 2021-இல் மட்டும் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய். வறட்சியிலும் புயலிலும் நொந்தவருக்கு அது உயிர் கொடுத்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஒரு டைரக்டரின் இடத்திலிருந்து பாருங்கள். "தவணைக்குள் கட்டினால் வட்டி இல்லை, கட்டிவிடுங்கள்" என்று வீடு வீடாகச் சொன்னவர் அவர். அவர் பேச்சை மதித்து, மனைவியின் வளையலை விற்றுக் கட்டியவருக்கு ஒன்றும் இல்லை. கட்டாமல் காத்திருந்தவருக்கு எல்லாம் கிடைத்தது. அடுத்த வருடம் அந்த டைரக்டர் எந்த முகத்தோடு போய் வாசலில் நிற்பார்?

பாங்கில் நாம் வெறும் வாடிக்கையாளர். சங்கத்தில் நாம் உரிமையாளர். அந்த உரிமை உயிரோடு இருப்பது நிர்வாகக் குழு மேசையில்தான். பணமும் பொறுப்பும் ஊராருடையதாக இருந்த காலத்தில், தெரிந்தவனுக்கும் "இல்லை" என்று சொல்லும் தைரியம் அங்கே இருந்தது. பொறுப்பு கைமாறியதும் அந்த நாற்காலி சில ஊரில் கட்சிக்காரரின் பரிசானது, சில ஊரில் காலியானது.

தமிழ்நாட்டில் சுமார் 4,450 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் இருக்கின்றன. உங்கள் ஊருக்கும் ஒன்று இருக்கும். அங்கே போகும்போது மூன்று விஷயம் கேளுங்கள். நீங்கள் ஓட்டுரிமை உள்ள உறுப்பினரா, வெறும் இணை உறுப்பினரா? நகைக்கடனுக்காகச் சேர்ந்த பலர் இணை உறுப்பினர்கள்தான், அவர்களுக்கு ஓட்டு இல்லை. கடைசியாகப் பேரவைக் கூட்டம் எப்போது நடந்தது? தணிக்கை அறிக்கையைப் பார்க்க முடியுமா? கேட்பதில் கூச்சம் வேண்டாம், வகுப்பில் கை தூக்கிக் கேள்வி கேட்ட பிள்ளைகள்தானே நீங்கள்?

தேர்தல் வரும்போது உங்களில் சிலர் நில்லுங்கள். முக்கியமாகப் பெண் பிள்ளைகளும், அந்த மேசையில் இதுவரை இடம் கிடைக்காத தெருக்களிலிருந்து வந்த பிள்ளைகளும். படிப்பு ஒரு தடை இல்லை. கணக்குப் படிக்கத் தெரிந்தால் போதும், அது நான் சொல்லிக்கொடுத்ததுதான். சொந்தக்காரர் மனுவைத் தள்ளுபடி செய்ய முடியுமா என்பதை மட்டும் நிற்பதற்கு முன் யோசித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தாத்தாவோ அப்பாவோ பெரியம்மாவோ சங்கத்தில் டைரக்டராக இருந்திருந்தால், அவர்கள் சொன்ன ஒரு சம்பவத்தைக் கீழே எழுதுங்கள். அந்தத் தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. பழைய தீர்மானப் புத்தகங்களைக் கரையான் அரித்திருக்கும், நாமாவது எழுதி வைப்போம்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்