பட்டாளம் போன கோட்டையும் போகாத கோட்டையும்

பாலசமுத்திரத்துக்காரனான எனக்குக் கோட்டைன்னா திண்டுக்கல் மலைக்கோட்டைதான். 1605இல் மதுரை நாயக்கர்கள் கட்டத் தொடங்கியது. 1860 வரை ஆங்கிலேயப் படை அங்கே இருந்தது. இப்போது தொல்லியல் துறையிடம் இருக்கிறது, டிக்கெட் வாங்கினால் யாரும் ஏறலாம்.

சென்னை புனித ஜார்ஜ் கோட்டை கதை வேற. அங்கே பட்டாளம் இன்னும் போகவில்லை. ராணுவம், தலைமைச் செயலகம், தொல்லியல் துறை மூன்றும் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன. கிங்ஸ் பேரக்ஸ் பாதுகாக்கப்பட்ட சின்னம், ஆனால் ராணுவத்தின் புழக்கத்தில் இருக்கிறது. வெல்லெஸ்லி மாளிகையும் அதே பட்டியலில் உள்ளதுதான். ஆனாலும் 1980இல் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது.

1958ஆம் ஆண்டுச் சட்டம் இடிக்கக் கூடாது என்று தடுக்கும். மழையைத் தடுக்காது. அந்தக் காலச் சென்னைக் கட்டடங்களில் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ்தான்: தேக்குச் சட்டங்கள் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் சுண்ணாம்பு வைத்து அடுக்கி, மேலே தட்டோடு பதிப்பார்கள். ஓட்டு இடுக்கில் தண்ணீர் இறங்கினால், சுவருக்குள் செருகியிருக்கும் சட்டத்தின் முனைதான் முதலில் உளுத்துப்போகும். கீழே நின்று பார்த்தால் தெரியாது.

ஆள் புழங்கும் கட்டடத்தில் ஒழுகினால் அன்றைக்கே யாராவது கத்துவார்கள். பூட்டிக் கிடக்கும் கட்டடத்துக்கு அந்தக் குரல் இல்லை. ராணுவ நிலத்தில் வெளியாளும் சுலபமாகப் போய்ப் பார்க்க முடியாது. அதனால் ஒவ்வொரு ஐப்பசிக்கு முன்னும் ராணுவப் பொறியாளரும் தொல்லியல் துறையினரும் சேர்ந்து மொட்டைமாடி ஏறிப் பார்த்து, அந்த அறிக்கையை வெளியிட வேண்டும். பார்க்க முடியாத நமக்கு அதுதான் கண்.