முடி என்றொரு சொல்

கோந்த்வாவில் பிறந்து வளரும் என் பேத்தியிடம் அவள் பாட்டி, "முடியை முடிஞ்சுக்கிட்டு வாடி, நாழியாச்சு" என்றாள். பேத்தி விழித்தாள். "முடிஞ்சுதுன்னா 'சம்பலா'ன்னுதானே அர்த்தம் தாத்தா? முடி எப்படி முடியும்?" வெளிமாநிலத்தில் நம் குழந்தைகளுக்குத் தமிழ்ச் சொற்கள் தனித்தனியே வந்து சேர்கின்றன. அவற்றின் உறவுமுறை கூடவே வருவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முடிதல் என்றால் கட்டுதல். முடிச்சு அதன் பிள்ளை. திருப்பதிக்கு நேர்ந்துகொண்டு மஞ்சள் துணியில் காசு 'முடிஞ்சு' வைப்பதும், இரண்டு பேருக்கிடையே 'சிண்டு முடிஞ்சு' விடுவதும் (நம் சங்கத்தில் யாரும் செய்வதில்லை!) இதே வினைதான். தெலுங்கில் முடிச்சே 'முடி'. கன்னடத்தில் கொண்டையும் முடி, பூச்சூடுவதும் முடி. மலையாளத்தில் தலைமயிரும் முடி, தெய்யத்தின் தலையில் ஏறும் பேரணியும் முடி. கட்டி முடிச்சுப் போட்டால் வேலை தீர்ந்தது அல்லவா? 'முடிந்தது' என்பதும் அப்படி வந்ததே என்று எனக்குப் படுகிறது.

மயிர் என்பது வள்ளுவர் கூசாமல் ஆண்ட சொல். பேச்சு வழக்கில் அது வசையாகிவிட, கட்டிய கூந்தலின் பெயர் மயிர் முழுவதற்கும் பரவிற்று.

சரி, அரசன் தலைக்கு அது எப்படிப் போயிற்று? கோயிலில் சிவன் திருமேனியைப் பாருங்கள். சடையையே உயர்த்திக் கட்டி மகுடமாக்கியிருப்பார்கள். சிற்ப நூல்கள் அதைச் சடாமகுடம் என்கின்றன. பொன்னால் செய்த கிரீட மகுடம் திருமாலுக்கு உரியது. தலைமேல் கட்டிய கூந்தலும் தலைமேல் வைத்த பொன்னும் தமிழில் ஒரே பெயர் பெற்றன. முடிசூட்டு விழாவும் முடியாட்சியும் அதன் வழி வந்தவை.

இந்தச் சொல்லின் முழு வலிமையும் தெரிவது பாஞ்சாலி கதையில்தான். பாரதியார் 'பாஞ்சாலி சபத'த்தின் முதற்பாகத்தை 1912இல் வெளியிட்டார். அவிழ்ந்த கூந்தலைப் பகை தீர்ந்தபின்பே முடிப்பேன் என்கிறாள் அவள். தமிழில் கூந்தல் முடிப்பதும் சபதம் முடிப்பதும் ஒரே வினை! பட்ட நாராயணர் இக்கதையை வடமொழியில் நாடகமாக்கி 'வேணீசம்ஹாரம்' என்று பெயரிட்டார். வேணி என்றால் பின்னல்.

இதைச் சொன்னதும் பேத்தி குறுக்கிட்டாள். "வேணி எனக்குத் தெரியுமே! பின்னலும் வேணி, அதுல வைக்கிற பூவும் வேணி. பூக்கார மாவ்ஷி அப்படித்தான் சொல்லுவாங்க."